கில்ட்ஹாலில் மூன்று நாள்: வில்லியம் ஹோனும் பகடியின் வழக்கும்

1817 டிசம்பர் 18, வியாழக்கிழமை. லண்டன் கில்ட்ஹால் நீதிமன்றத்தில் நைந்த உடுப்போடு ஒரு புத்தகக் கடைக்காரர் வந்து நின்றார். வயது 37. வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லாததால் தமக்காகத் தாமே வாதாட வந்திருந்தார். அவர் முன்னே இருந்த மேசையில் பழைய புத்தகங்களும் மடித்து வைத்த அச்சுப் படங்களும் குவிந்துகொண்டே போயின. எதிரே அரசின் அட்டர்னி ஜெனரல் சர் சாமுவேல் ஷெப்பர்ட். குற்றச்சாட்டு, தெய்வ நிந்தனை. இரண்டு பென்ஸ் விலையில் விற்ற ஒரு சிறு பிரசுரத்துக்காக அன்றைக்கு ஒரு விசாரணை, இன்னொன்றுக்காக மறுநாள் ஒன்று, மூன்றாவதற்காக அதற்கும் மறுநாள் ஒன்று. ஒன்றில் தோற்றாலும் சிறை. வீட்டில் மனைவியும் பெரிய குடும்பமும் காத்திருந்தார்கள்.

அந்தக் கடைக்காரரின் பெயர் வில்லியம் ஹோன். பிரிட்டனின் அரசியல் அங்கதம் என்றால் எழுத்தாளர் ஸ்விஃப்டையும் ஓவியர் ஜேம்ஸ் கில்ரேயையும் சொல்வார்கள். ஹோனின் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் வரும். அது நியாயமில்லை என்பது என் எண்ணம். மற்ற அங்கதக்காரர்கள் தங்கள் சொந்தச் சரக்கை மக்களிடம் கொண்டுபோனார்கள். ஹோன் மக்களிடம் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக்கொண்டார். பிள்ளை வயதில் நெட்டுருப் போட்ட வேதப் பாடம், ஞாயிறுதோறும் கோவிலில் ஒன்றாகச் சொல்லும் மன்றாட்டு, தாய்மடியில் கேட்ட விளையாட்டுப் பாட்டு ஆகிய இவைதான் அவர் கைக்கருவிகள். ஊர் முழுக்க எது மனப்பாடமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவின் பலம் அரசாங்கத்துக்கும் புரிந்தது. வழக்கு பிறந்தது அதனால்தான்.

ஹோன் 1780 ஜூன் 3இல் பாத் நகரில் பிறந்தார். சில ஆண்டுகளில் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை ஒரு வழக்கறிஞர் அலுவலக எழுத்தர். அரசுத் திருச்சபையோடு ஒட்டாத கடும் பக்தர். பையனுக்கு எழுத்தறிவித்த பாடநூல் பைபிள். அதன் அதிகாரங்களை ஒப்பிக்கச் சொல்லி வற்புறுத்தியதில் மனம் கசந்து, ஒருநாள் அந்தப் புத்தகத்தை மாடிப்படியில் தூக்கி எறிந்ததாகவும், என் காலில் நான் நிற்கும் நாள் வந்தால் இதைத் திறக்கவே மாட்டேன் என்று சபதம் செய்ததாகவும் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். இன்னொரு நினைவும் அவர் எழுத்தில் உண்டு. தந்தையின் வட்டாரத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லியைச் சாத்தானின் பிள்ளை என்பார்கள். சிறுவன் படித்த திண்ணைப் பள்ளியின் மூதாட்டி நோயில் கிடந்தபோது அந்தச் ‘சாத்தானின் பிள்ளை’யே பார்க்க வந்தார். பையன் கண்டது நரைத்த தலையும் கனிந்த முகமும் உள்ள ஒரு கிழவரை. பெரியவர்கள் ஒருவருக்கு ஒட்டும் பெயருக்கும் அந்த ஆளுக்கும் உள்ள தூரத்தை அந்த வயதிலேயே பார்த்துவிட்டவர் அவர்.

16 வயதில், 1796இல், லண்டன் கரெஸ்பாண்டிங் சொசைட்டியில் சேர்ந்தார். கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் வாக்குரிமை கேட்டுத் திரண்ட அமைப்பு அது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அரசின் கண்ணில் முள்ளாக இருந்தது. பயந்துபோன தந்தை மகனை லண்டனிலிருந்து சாத்தம் ஊருக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வந்த ஹோன் 1800இல் சாரா ஜான்சனை மணந்தார். லாம்பெத் பகுதியில் ஒரு புத்தகக் கடையும் வாடகை நூலகமும் திறந்தார். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் தொட்டதெல்லாம் நட்டம். ஏழைகளுக்கான சேமிப்பு வங்கி ஒன்றை நண்பரோடு தொடங்கினார், மூடினார். கடைகள் வந்தன, போயின. திவாலும் ஆனார்.

இந்தத் தோல்விக் காலத்தில் அவர் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லாமல் அவருடைய அங்கதத்தைப் பேச முடியாது. 1814இல் சில நண்பர்களோடு சேர்ந்து லண்டனின் மனநல விடுதிகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார். பெத்லம் விடுதியில் ஜேம்ஸ் நாரிஸ் என்ற மனிதரைக் கழுத்திலும் உடம்பிலும் இரும்பு வளையங்கள் பூட்டி, ஒரு கம்பத்தோடு பிணைத்துப் பத்தாண்டுக்கு மேலாக வைத்திருந்தார்கள். அந்தக் கோலம் படமாக வரையப்பட்டு வெளிவந்தது. 1815இல் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு அமைந்ததற்கு இந்தப் பார்வையிடல்களும் ஒரு காரணம். அதே 1815 ஜூலையில் எலைசா ஃபென்னிங் என்ற இளம் சமையற்காரி, எசமானர் குடும்பத்துக்கு மாவுருண்டையில் ஆர்செனிக் கலந்து கொடுத்தாள் என்று தூக்கிலிடப்பட்டாள். சாட்சியம் மிகவும் நொய்ந்தது. அதே மாவுருண்டையைத் தின்று அவளும் நோயில் விழுந்திருந்தாள். தூக்கு முடிந்த பிறகும் ஹோன் விடவில்லை. ஜான் வாட்கின்ஸ் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து வழக்கின் ஒவ்வொரு இழையையும் பிரித்துக் காட்டும் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். பிற்பாடு உலகம் சிரித்த அவருடைய எழுத்துக்கெல்லாம் அடியில் கிடந்தது இந்த இரக்கம். சங்கிலியில் கிடந்த நாரிஸையும் தூக்கில் தொங்கிய அந்தப் பெண்ணையும் பார்த்த கண்தான் பிறகு அமைச்சர்களைப் பார்த்தது.

நெப்போலியன் போர் முடிந்து நாடு கடனில் மூழ்கியிருந்தது. படை கலைந்து திரும்பியவர்களுக்கு வேலை இல்லை. தானிய விலையைத் தூக்கிப் பிடிக்க 1815இல் சட்டம் வந்தது. 1816இன் விளைச்சல் பொய்த்தது. இதற்கிடையே வேலையே பார்க்காமல் அரசாங்கச் சம்பளம் வாங்கும் பதவிகள் பெரிய குடும்பங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. 1817 தொடக்கத்தில் ஹோன் மூன்று சிறு பிரசுரங்களை வெளியிட்டார். முதலாவது, மறைந்த அரசியல்வாதி ஜான் வில்க்ஸின் பெயரைத் தாங்கிய ஒரு ஞானோபதேச வினாவிடை. ஆளுங்கட்சிக்குத் தலையாட்டும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தம் விசுவாசத்தை அதில் அறிக்கையிடுவார். அவருடைய கடவுள் ஆட்சியில் இருப்பவர்கள். அவருடைய பத்துக் கட்டளைகள் பதவியைக் காத்துக்கொள்வது எப்படி என்று சொல்லும். அவர் தினமும் சொல்லும் ஜெபம் கருவூலத்தின் தலைவருக்கு. இரண்டாவது மன்றாட்டு: திருச்சபையின் பொது ஜெபத்தில் கடவுளை நோக்கி வரும் வேண்டுதல்களை ஆட்சியாளர்களை நோக்கித் திருப்பி, வரிச்சுமையிலிருந்தும் கடன்சுமையிலிருந்தும் தண்டச்சோற்றுப் பதவிகளிலிருந்தும் எங்களை விடுவியும் என்று மக்கள் கெஞ்சுவார்கள். மூன்றாவது, அத்தனாசியாரின் விசுவாசப் பிரமாணத்தின் அச்சில் வார்த்தது. அதில் வரும் மும்மூர்த்திகள் மூன்று அமைச்சர்கள். ராஜமுத்திரைப் பையைச் சுமக்கும் லார்டு சான்சலர் எல்டன் ‘பழைய பை’. அயர்லாந்தில் மனிதர்களைக் கட்டிவைத்து அடித்த முக்கோணச் சட்டத்தின் நினைவாக வெளியுறவு அமைச்சர் காசல்ரே ‘முக்கோணம்’. மருத்துவர் மகனான உள்துறை அமைச்சர் சிட்மவுத் ‘டாக்டர்’.

இவற்றின் வலு எங்கே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நாளில் எழுதப் படிக்கத் தெரியாத ஆங்கிலேயருக்குக்கூட இந்த மூன்று ஜெபங்களின் தாளமும் தெரியும். கோவிலில் குருவானவர் ஒரு வரி சொன்னால் சபையார் மறுவரி சொல்வது உடம்பிலேயே ஊறிய பழக்கம். தெரிந்த மெட்டில் புதுச் சொல்லைப் போட்டால் கேட்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். மதுக்கடையில் ஒருவர் உரக்க வாசித்தால் மறுமொழியைக் கூட்டமே சொல்லிவிடும். கில்ரேயின் செப்புத்தகட்டுப் படத்தை வாங்கக் கனத்த பை வேண்டும், அதன் உள்குறிப்புகளைப் புரிந்துகொள்ள அரசியல் வட்டாரப் பழக்கம் வேண்டும். ஹோனின் பிரசுரத்துக்கு இரண்டு பென்ஸும், எல்லாருக்கும் வாய்த்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியும் போதும்.

சிலருடைய பக்தி மனம் புண்பட்டதை அறிந்து 1817 பிப்ரவரி 22ஆம் தேதியே ஹோன் விற்பனையை நிறுத்திவிட்டார். அரசு நிறுத்தவில்லை. மார்ச்சில் ஆட்கொணர்வு உரிமை இடைநிறுத்தப்பட்டது. தெய்வ நிந்தனையும் ராஜதுரோகமும் உள்ள பிரசுரங்களை விற்பவர்களைப் பிடிக்கச் சொல்லி அதே மாதம் சிட்மவுத் மாவட்டங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மே 3இல் ஹோன் தெருவில் வைத்துக் கைதுசெய்யப்பட்டார். ஒருவர்மீது வழக்குத் தொடுக்க வேண்டுமானால் முதலில் பெரிய ஜூரி என்ற குழு ஆதாரத்தைப் பார்த்து ஒப்ப வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். அட்டர்னி ஜெனரல் தம் பதவியின் அதிகாரத்தால் நேரே குற்றம் சாட்டினால் அந்த வடிகட்டி கிடையாது. ஹோன்மீது பிரயோகிக்கப்பட்டது இந்த நேர்வழிதான். ஜூலை 2 வரை கிங்ஸ் பெஞ்ச் சிறையில் இருந்தார். அங்கிருந்தபடியே தம் ‘ரிஃபார்மிஸ்ட்ஸ் ரெஜிஸ்டர்’ வார இதழையும் நடத்தினார்.

இனி அந்த மூன்று நாள்.

முதல் நாள் நீதிபதி அபட். வினாவிடைதான் அன்றைய வழக்கு. அட்டர்னி ஜெனரல் எடுத்த நிலை நேரடியானது: எழுதியவரின் நோக்கம் அரசியலா மதமா என்பது பொருட்டல்ல, புனிதமான ஜெபத்தைச் சிரிப்புக்குரியதாக்கியதே குற்றம். அவருக்கு இருந்த சங்கடம் வேறு. குற்றத்தை நிறுவ வேண்டுமானால் பிரசுரத்தை நீதிமன்றத்தில் உரக்க வாசித்தாக வேண்டும். வாசித்தார்கள். கூடம் சிரித்தது. சிரிப்பவரைப் பிடியுங்கள் என்று சேவகர்களுக்கு ஆணை போனது. ஒரு கூடம் முழுக்கச் சிரிக்கும்போது யாரைப் பிடிப்பது?

ஹோன் சுமார் ஆறு மணி நேரம் பேசினார். பகடியில் இரண்டு வகை உண்டு என்பது அவர் வாதத்தின் நடுக்கம்பம். ஒன்று, எதன் வடிவத்தை எடுக்கிறதோ அதையே கேலி செய்வது. மற்றொன்று, அந்த வடிவத்தை வெறும் வண்டியாக வைத்து வேறொன்றைக் கேலி செய்வது. என்னுடையது இரண்டாவது வகை. நான் நகைத்தது அமைச்சர்களை, ஜெபத்தை அல்ல என்றார். இதை வெறும் தர்க்கமாக விடவில்லை. மேசைமேல் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மார்ட்டின் லூதர் திருப்பாடலைப் பகடி செய்திருக்கிறார். மதத்துக்காகத் தீயில் எரிந்த பிஷப் லாட்டிமர் சீட்டாட்டத்தை வைத்துப் பிரசங்கம் செய்திருக்கிறார். கேன்டர்பரியின் டீனாக இருந்த டாக்டர் பாய்ஸ் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையே எதிரிகளுக்கு எதிராகத் திருப்பி எழுதியிருக்கிறார். இவர்களில் யார்மீது வழக்கு? உச்சமான அம்பைப் பிறகு எடுத்தார். அப்போது அமைச்சரவையில் இந்திய விவகாரங்களுக்கான வாரியத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் கானிங், இருபது ஆண்டுகளுக்கு முன் தமது ‘ஆன்டி ஜாக்கோபின்’ இதழில் வேதநூல் நடையைப் பகடி செய்து எதிர்க்கட்சியினரைத் தாக்கியவர். அதற்குக் கில்ரே படமும் வரைந்திருந்தார். அந்தப் படத்தை விரித்துக் காட்டி, இதை எழுதியவர் அமைச்சர், நான் குற்றவாளியா என்று ஹோன் கேட்டார்.

ஜூரி கால் மணி நேரத்துக்குள் திரும்பியது. குற்றமற்றவர்.

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். 1792க்கு முன் அவதூறு வழக்குகளில் ஜூரியின் வேலை இவர்தான் இதை வெளியிட்டாரா என்று சொல்வதோடு ஏறக்குறைய முடிந்துவிடும். எழுத்து குற்றமா என்பதை நீதிபதி தீர்மானிப்பார். சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் கொண்டுவந்த 1792ஆம் ஆண்டுச் சட்டம் முழுக் கேள்வியையும் ஜூரியின் கையில் கொடுத்தது. நீதிபதி தம் கருத்தைச் சொல்லலாம். கேட்பதும் விடுவதும் அவர்கள் பாடு. கில்ட்ஹால் ஜூரியில் இருந்தவர்கள் லண்டன் நகர வணிகர்கள். ஹோன் நீதிபதியைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தே பேசினார். பழைய புத்தகம் தேடித் திரிந்த ஒரு சிறு கடைக்காரர், பெரிய கடைக்காரர்களிடம் பக்கம் பக்கமாகக் காட்டி விளக்கியது போலத்தான் அது நடந்தது.

இரண்டாம் நாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அபட் அல்ல. தலைமை நீதிபதி எலன்பரோ பிரபு உடல்நலமில்லாத நிலையிலும் தாமே வந்துவிட்டார். 1802 முதல் அந்தப் பதவியில் இருப்பவர், அதட்டலுக்குப் பேர்போனவர். முதல் நாள் தோல்வியைச் சரிசெய்யவே அவர் வந்தார் என்பது கூடத்தில் எல்லாருக்கும் புரிந்தது. மன்றாட்டு வழக்கில் ஹோன் ஏறத்தாழ ஏழு மணி நேரம் பேசினார். குறுக்கே எலன்பரோ மறித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஃபாக்ஸ் சட்டம் தரும் அதிகாரத்தைச் சுட்டி, இது மிகக் கொடிய தெய்வ நிந்தனை என்பதே தமது கருத்து என்று ஜூரியிடம் ஆணித்தரமாகச் சொன்னார். ஜூரி ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. குற்றமற்றவர்.

இரண்டு முறை தோற்றபின் மூன்றாவதை அரசு கைவிட்டிருக்கலாம். கைவிடாததுதான் அதன் பெரிய பிழை. சனிக்கிழமை கில்ட்ஹாலுக்கு வெளியே தெருக்கள் அடைபட்டன. 20,000 பேர் திரண்டதாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. தொண்டை கட்டி, உடல் தளர்ந்து, நிற்கவே முடியாத நிலையில் ஹோன் எட்டு மணி நேரம் பேசினார். அன்றைய பொருள் அத்தனாசியாரின் விசுவாசப் பிரமாணம். அரசுத் திருச்சபைக்குள்ளேயே பெரியவர்கள் பலர் அந்தப் பிரமாணத்தை முழுமனதோடு ஏற்றதில்லை என்று காட்டிக்கொண்டு வந்தவர், எலன்பரோவின் தந்தையான கார்லைல் பிஷப் எட்மண்ட் லாவின் பெயரையும் சொன்னார். அதட்டிக்கொண்டிருந்த தலைமை நீதிபதி அப்போது தாழ்ந்த குரலில், நாகரிகம் கருதி அதை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஹோன் உடனே விட்டுவிட்டார். இந்த ஒரு கணத்துக்காகவே அந்த மூன்று நாள் நடவடிக்கைக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எதிரி வலிக்கிறது என்று சொன்னதும் கையை எடுத்துவிடத் தெரிந்தவர் அவர். கையில் கிடைத்ததை எல்லாம் வீசுகிற ஆளாக இருந்திருந்தால் அந்த ஜூரி மூன்றாம் முறையும் அவரை நம்பியிருக்குமா?

இருபது நிமிடத்தில் மூன்றாவது ‘குற்றமற்றவர்’ வந்தது. வெளியே எழுந்த ஆரவாரம் நெடுநேரம் அடங்கவில்லை. நாடெங்கும் சந்தா திரண்டது. 3,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்த டிசம்பரில் தம் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதிய இளம் கவிஞர் ஜான் கீட்ஸ், ஹோனும் அதே ஆண்டில் விடுதலையான ‘பிளாக் டுவார்ஃப்’ இதழாசிரியர் வூலரும் எல்லாருக்கும் பெரும் உதவி செய்திருக்கிறார்கள் என்று குறிப்பிட்டார். இலக்கிய மாணவர்கள் வேறொரு கவிதைக் கோட்பாட்டுக்காக நினைவில் வைத்திருக்கும் கடிதம் அது. எலன்பரோ மறுஆண்டு டிசம்பரில் இறந்தார். ஹோன்தான் கொன்றார் என்று அந்நாளில் பேசிக்கொண்டார்கள். முன்பே நோயாளியாக இருந்தவரைப் பற்றிய அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

இந்த வெற்றியை இன்னொரு மனிதரை மறந்துவிட்டுக் கொண்டாடக் கூடாது. ஹோன் விற்பனையை நிறுத்திய பிறகு அதே பகடிகளை மறுபதிப்புச் செய்து விற்ற ரிச்சர்ட் கார்லைல் விசாரணையே இல்லாமல் 18 வாரம் சிறையில் கிடந்தார். ஹோன் விடுதலையானதால்தான் அவரும் வெளியே வந்தார். பிற்பாடு பேச்சுரிமைக்காக அவர் சிறையில் கழித்த காலம் மொத்தம் ஒன்பது ஆண்டுக்கும் மேல்.

1819 ஜனவரியில் ஹோனின் கடைச் சன்னலில் ஒரு ‘வங்கி நோட்டு’ தொங்கியது. 1797இல் இங்கிலாந்து வங்கி நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தி, ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகளை வெளியிட்டிருந்தது. அவற்றைப் போலி அடிப்பது சுலபம், தண்டனை தூக்கு. 1821 வரை அந்த ஒரு குற்றத்துக்காக 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கள்ள நோட்டு என்று தெரியாமல் கைமாற்றிய ஏழைகள்கூட மாட்டிக்கொண்டார்கள். இளம் ஓவியர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் வரைந்து ஹோன் வெளியிட்ட நோட்டில் ராஜ அலங்காரத்துக்குப் பதில் வரிசையாகத் தூக்கில் தொங்கும் ஆண்களும் பெண்களும். நாட்டின் உருவகமான பிரிட்டானியா தன் குழந்தையைத் தின்கிறாள். பவுண்டுக் குறி தூக்குக் கயிற்றால் ஆனது. கையொப்பம் பழைய தூக்குக்காரன் ஜாக் கெட்ச். இங்கேயும் அதே உத்திதான். ஜெபத்துக்கு அடுத்தபடியாக ஒவ்வொருவர் கைக்கும் பழகிய தாள் எது? கடைக்கு முன்னே கூட்டம் தெருவை அடைத்தது. இந்தப் படம்தான் தூக்குத் தண்டனையை நிறுத்தியது என்று முதுமையில் குரூக்‌ஷாங்க் உரிமை கொண்டாடினார். அது மிகை. தூக்குக்கு எதிரான குரல்கள் முன்பே பல திசைகளில் எழுந்திருந்தன. ஆனால் சட்டைப்பையில் இருக்கும் நோட்டை எடுக்கும்போதெல்லாம் தூக்குமரம் நினைவுக்கு வரும்படி செய்துவிட்டார்கள் இருவரும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 16. மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டு 60,000 பேர்வரை அமைதியாகக் கூடியிருந்தார்கள். அவர்கள்மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. 15 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயம்பட்டார்கள். படையை ஏவிய மாஜிஸ்திரேட்டுகளுக்கு, மன்னருக்குப் பதிலாக ஆண்ட இளவரசர் ரீஜென்டின் நன்றி போய்ச் சேர்ந்தது. வாட்டர்லூ போரின் எதிரொலியாக மக்கள் அதைப் பீட்டர்லூ என்றார்கள்.

ஹோன் அதற்கு எழுதிய பதில் ஒரு குழந்தைப் பாட்டு. ஜாக் கட்டிய வீட்டைப் பற்றிய ஆங்கிலத் தொடர்பாட்டு இன்றும் பிள்ளைகள் சொல்வது: வீடு, வீட்டில் தானியம், தானியத்தைத் தின்ற எலி, எலியைப் பிடித்த பூனை என்று ஒவ்வொரு கண்ணியும் முந்தையதையெல்லாம் இழுத்துக்கொண்டு நீளும். தம் சிறுமகளின் கையில் இருந்த அந்தப் புத்தகத்தைப் பார்த்தபோதே எண்ணம் உதித்தது என்று ஹோன் சொல்லியிருக்கிறார். 1819 டிசம்பரில் வெளிவந்த ‘ஜாக் கட்டிய அரசியல் வீடு’ நூலில் வீடு என்பது அரசியல் சாசனம். தானியத்தின் இடத்தில் மக்களின் உரிமைச் சாசனங்கள் அடங்கிய பெட்டி. எலிகள் அதைச் சூறையாடுபவர்கள். அந்த எலிகளுக்கு நஞ்சாக வருவது ஓர் அச்சு இயந்திரம். பிறகு உடம்பு பெருத்து, மார்பில் பதக்கங்கள் குவித்து, மிடுக்காக உடுத்தி நிற்கும் இளவரசர் ரீஜென்ட். அடுத்த பக்கத்தில் கந்தல் உடுத்திய மக்கள், அவர்களுக்குப் பின்னே பீட்டர்லூவின் குதிரைகள். குழந்தைப் பாட்டின் குற்றமற்ற தாளம் ஒவ்வொரு கண்ணியிலும் அந்தக் கொலையை நோக்கி நகர்கிறது. தொடர்பாட்டில் காரணமும் விளைவும் ஒரே சங்கிலி. யாரும் தப்பித்து வெளியே நிற்க இடமில்லை.

இதில் தொழில்நுட்பத்துக்கும் பங்குண்டு. கில்ரே காலத்துச் செப்புத்தகட்டுப் படத்தைத் தனியே, தனி அழுத்த எந்திரத்தில் அடிக்க வேண்டும்; சில நூறு, மிஞ்சினால் ஒன்றிரண்டு ஆயிரம் படிகளில் தகடு தேய்ந்துவிடும். குரூக்‌ஷாங்க் இந்த நூலுக்கு வரைந்த 13 படங்களும் மரக்கட்டையில் செதுக்கப்பட்டவை. ஈய எழுத்தோடு அதே சட்டத்தில் பூட்டி, படமும் பாட்டுமாக ஒரே அழுத்தத்தில் அடிக்கலாம். விலை ஒரு ஷில்லிங். ஐம்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் படிகள் போயின. அரசியல் கேலிப்படம் செல்வர் வீட்டு வரவேற்பறையிலிருந்து பட்டறைக்கும் மதுக்கடைக்கும் இறங்கி வந்த கணம் இது. அதே டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆறு சட்டங்களில் இரண்டு மலிவுப் பத்திரிகைகளையும் ‘நிந்தனை’ எழுத்துகளையும் குறிவைத்தவை. ஆனால் ஹோனைத் திரும்பவும் ஜூரி முன் நிறுத்த யாருக்கும் துணிவில்லை.

நிறுத்த முடியாதவர்களை விலைக்கு வாங்கிப் பார்த்தது அரண்மனை. ரீஜென்டாக இருந்து இப்போது மன்னராகிவிட்ட நான்காம் ஜார்ஜை ஒழுக்கக்கேடான எந்தக் கோலத்திலும் வரைவதில்லை என்ற உறுதிக்காக 1820 ஜூனில் குரூக்‌ஷாங்குக்கு 100 பவுண்டு கொடுக்கப்பட்ட ரசீது இருக்கிறது. இரண்டே மாதத்தில் அதே குரூக்‌ஷாங்கின் படங்களோடு ஹோனின் ‘ராணியின் திருமண ஏணி’ வந்தது. மன்னர் தம் மனைவி கரோலினை மணவிலக்குச் செய்ய பிரபுக்கள் சபையில் மசோதா நடந்த நாள்கள் அவை. நூலோடு ஒரு விளையாட்டு அட்டை ஏணியும் இணைத்து விற்றார்கள். நவம்பரில் மசோதா கைவிடப்பட்டது. 1821க்குப் பிறகு இருவரும் அரசியலிலிருந்து விலகிப் போனார்கள். ராணி இறந்தாள், மன்னர் முடிசூடினார், போருக்குப் பிந்தைய பஞ்சம் தணிந்தது. நையாண்டிக்கான கொதிப்பும் இறங்கியது.

இதற்குப் பிந்தைய ஹோனை வரலாற்றாசிரியர்கள் பலர் வேறொரு மனிதராகவே எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கில்ட்ஹாலுக்காகத் தேடிய பழம்புத்தகங்கள் அவரை விடவில்லை. பகடியின் முழு வரலாற்றையும் எழுதுவேன் என்று அறிவித்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் வருடக்கணக்காகக் குறிப்பெடுத்தார். வழியில் இடைக்கால மக்கள் நாடகங்களையும், கிறிஸ்துமஸ் பாட்டுகளையும், திருச்சபை ஒதுக்கிவைத்த நற்செய்திகளையும் கண்டெடுத்தார். 1820இல் ஒதுக்கப்பட்ட நற்செய்திகளின் தொகுப்பும், 1823இல் பழைய மறைநாடகங்கள் பற்றிய நூலும் வந்தன. பகடி வரலாறு வரவில்லை. அதற்காகச் சேர்த்த அரிய புத்தகங்கள் கடன் நெருக்கடியில் ஏலத்துக்குப் போயின.

அதற்குப் பதிலாக 1825இல் ‘எவ்ரி டே புக்’ என்ற வார வெளியீட்டைத் தொடங்கினார். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் அந்த நாளின் திருவிழா, சந்தை, பழமொழி, வானிலை, பூ, ஊர் வழக்கம். மே முதல் நாளில் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்கள் ஆடும் ஆட்டம், பார்த்தலோமியோ சந்தையின் கூடாரக் காட்சிகள், புனித மாற்கு நாளுக்கு முந்தைய இரவில் கிராமத்துப் பெண்கள் குறி பார்க்கும் வழக்கம் எல்லாம் அதில் இடம்பெற்றன. நாடெங்கும் வாசகர்கள் தங்கள் ஊர்ச் செய்திகளைக் கடிதமாக அனுப்பினார்கள். கிராமத்துக் கவிஞர் ஜான் கிளேரும் அனுப்பியவர்களில் ஒருவர். நூலைக் கட்டுரையாளர் சார்லஸ் லாமுக்குக் காணிக்கையாக்கினார். அரசியலில் எதிர்முனையில் நின்ற அரசவைக் கவிஞர் ராபர்ட் சதியே பிற்பாடு அதை மனமாரப் பாராட்டினார். எழுதாமலே மக்கள் நினைவில் காத்து வந்ததைத்தான் ஹோன் 1817இல் ஆயுதமாக எடுத்தார். 1825இல் அதையே அழிந்துவிடாமல் எழுதி வைத்தார். ஒரே செல்வத்தின்மேல் இரண்டு வேலை.

அந்த நூலின் ஒரு பகுதி கடன்காரர் சிறையில் உருவானது. 1826இல் கடனுக்காகக் கைதாகி, ஒன்பது ஆண்டுக்கு முன் இருந்த அதே கிங்ஸ் பெஞ்சுக்குத் திரும்பினார். கிராமங்களிலிருந்து வந்த கடிதங்களை அங்கே பிரித்து, அடுக்கி, அச்சுக்குத் திருத்திக்கொண்டிருந்தார். லட்சம் படி விற்றவரின் கையில் காசு தங்கவே இல்லை. பிறகு நண்பர்கள் உதவியோடு கிரேஸ்சர்ச் தெருவில் நடத்திய காபிக் கடையும் தோற்றது. பக்கவாதம் வந்தது. தாமஸ் பின்னி என்ற போதகரின் சபையில் சேர்ந்து, அமைதியான பக்தராகி, 1842 நவம்பரில் டாட்டனத்தில் இறந்தார். அப்னி பார்க் கல்லறையில் அடக்கம். துக்கத்துக்கு வந்தவர்களில் ஜார்ஜ் குரூக்‌ஷாங்கும் சார்லஸ் டிக்கன்ஸும் இருந்தார்கள்.

1834 ஜூன் 3, அவருடைய 54ஆம் பிறந்த நாள். அன்று காலை உணவுக்கு முன், தம் கைப் பைபிளின் வெற்றுத்தாளில் சில வரிகள் எழுதினார். அடங்காத தம் நெஞ்சு கடவுளிடம் அடங்கிவிட்டது என்று சொல்லும் வரிகள். சிறுவனாக மாடிப்படியில் எறிந்த புத்தகத்துக்கு அவர் சொன்ன மறுமொழி அது. அதையும் அவர் சபையில் எல்லாரும் சேர்ந்து பாடும் ஞானப்பாட்டின் நடையில்தான் எழுதியிருந்தார்.